அடுக்களையில் அருள் கண்டவர்

ஆண்டவனின் தயவை நாம் பெரும்பாலும் பெரிய நிகழ்ச்சிகளிலேயே தேடுகின்றோம். தீராத நோய் தீர்ந்தாலும், கடலிற் சென்றவன் கரைசேர்ந்தாலும், பிள்ளை பரீட்சையிற் சித்தியடைந்தாலும் மெழுகுதிரி ஏந்திக் கோயிலுக்குச் செல்கின்றோம். அடுப்பு எரிவதையும், அரிசி வேவதையும், பசித்த வேளைக்கு ஒரு கோப்பைச் சோறு நம் முன்னே வருவதையும் நாம் அந்தக் கணக்கிற் சேர்ப்பதில்லை. அவற்றையெல்லாம் கணக்கிற் சேர்த்துக்கொண்ட ஒரு மனிதரின் வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தேன். பதினேழாம் நூற்றாண்டிலே பாரிஸ் மாநகரில் வாழ்ந்து மறைந்த சகோதரர் லோறன்ஸ் என்பவரே அவர்.

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் இவருடைய கதையை மாணாக்கருக்குப் பலமுறை சொல்லியிருக்கின்றேன். சொன்னேனேயன்றி அதன் பொருளை நான் விளங்கிக்கொண்டேனல்லேன். அது எனக்கு விளங்கிய விதத்தை இறுதியிற் கூறுவேன்.

லொறேன் நாட்டிலே, லூனவில் நகருக்கு அண்மையிலுள்ள எரிமெனில் என்னுஞ் சிற்றூரில், 1614ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். நிக்கொலா ஹேர்மன் என்பது அவருடைய இயற்பெயர். எளிய குடும்பம், பெரிதாகக் கற்கும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டவில்லை. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் ஐரோப்பாவின் நடுநாடுகளைப் பாழாக்கிய காலம் அது.

அவருக்குப் பதினெட்டு வயதாயிருந்த ஒரு குளிர்காலத்தில், இலையெல்லாம் உதிர்த்து நின்ற மரமொன்றை அவர் கண்டார். நம்மூர் இலுப்பை இலையுதிர்த்தாலும் விரைவிலே தளிர்த்துவிடும். அந்நாட்டு மரங்களோ மாதக்கணக்கிற் பட்டமரம் போலவே நிற்கும். அவ்வாறு நின்ற மரம் சின்னாளில் தளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற நினைவு அவர் நெஞ்சிலே சட்டென்று பாய்ந்தது. ஆண்டுதோறும் ஊரார் அனைவரும் கண்டு பழகிய காட்சிதான். ஆயினும், அம்மரத்தைக் கைவிடாது காக்கும் பரிவு ஒன்று உண்டென்பதை அவர் அன்று கண்டுகொண்டார். அன்று தம்முள் மூண்ட இறையன்பு, நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும், அன்றிருந்ததினும் வளர்ந்துளதோ என்று தம்மால் அறுதியிட முடியவில்லை எனப் பிற்காலத்தில் அவர் சொன்னதுண்டு.

எனினும் உடனே அவர் துறவியாகிவிடவில்லை. போர்வீரராயிருந்து காயமுற்றார். கால் ஊனத்தை வாழ்நாள் முழுவதும் சுமந்தார். பின்னர்ப் பொக்கிச அதிகாரியான பியூபே என்பவரின் வீட்டிலே ஏவலாளராக அமர்ந்தார். எடுத்த பொருளையெல்லாம் உடைத்துவிடும் கைப்பாங்கற்ற வேலையாள் என்று தம்மைக் குறித்துத் தாமே சொல்லிக்கொண்டவர் அவர்.

1640ஆம் ஆண்டு பாரிசிலுள்ள கார்மேல் சபை மடத்தில் அவர் சேர்ந்தார். அவிலா நகர்த் தெரேசம்மாள் சீர்திருத்திய சபையின் மடம் அது. குருப்பட்டம் பெறாது உடலுழைப்பால் மடத்திற்குத் தொண்டாற்றும் சகோதரராகவே அவர் ஏற்கப்பட்டார். தம் தவறுகளுக்கெல்லாம் அங்கே நன்றாய்த் தண்டனை கிடைக்கும் என்று எதிர்பார்த்துச் சென்றாராம். தண்டனைக்குப் பதில் மனநிறைவே கிடைத்தமையால், ஆண்டவர் தம்மை ஏமாற்றிவிட்டாரென்று வேடிக்கையாய்ச் சொல்வாராம்.

அவருக்கு இடப்பட்ட பணி சமையல். இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடுக்களை வேலையிலே அவருக்கு இயல்பாகவே பெருவெறுப்பு இருந்தது. விருப்பமுள்ளவன் விரும்பிய வேலையிலே இறைவனைக் கண்டான் என்றால் அதில் வியப்பொன்றுமில்லை. வெறுத்த வேலையிலே பதினைந்து ஆண்டுகள் நின்று அவர் அதனைக் கண்டார் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடி.

அவர் கையாண்ட வழி மிக எளியது. வேலை தொடங்குமுன் இறைவனிடம் துணை வேண்டுவார். வேலையினூடே, அருகில் நிற்கும் நண்பரிடம் பேசுவது போல, இடையிடையே அவரோடு பேசுவார். முடிந்தபின் நடந்ததை எண்ணிப் பார்ப்பார். நன்றாய் நடந்திருந்தால் நன்றி செலுத்துவார். பிழைபட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மனம் உடைந்து நின்றுவிடாமல், அடுத்த வேலையைத் தொடங்குவார். சட்டியிலே முட்டையைப் புரட்டுவதும், நிலத்திலே கிடக்கும் துரும்பை எடுப்பதும் அவருக்கு வழிபாடாயின. செபவேளை வேறு, வேலைவேளை வேறு என்ற பிரிவு அவருக்கு இல்லாது போயிற்று. ஒருமுறை மடத்துக்குத் திராட்சைமது வாங்கிவரப் பேர்கண்டிக்கு அனுப்பப்பட்டார். வாணிகம் அறியாதவர், காலோ ஊனம். படகிலே மதுப்பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டே இடம்பெயர்ந்தார். அதனையும் இறைவனின் காரியமென்று எண்ணியமையால் அவர் கலங்கவில்லை. காரியமும் நன்றாகவே முடிந்தது.

இவ்வளவிலே நிறுத்திவிட்டால் அவரைக் கவலையறியாத மனிதரென்று நாம் பிழையாக எண்ணிவிடுவோம். மடஞ்சேர்ந்த முதற் பத்தாண்டுகள் அவர் உள்ளம் பெருந்துன்பத்தில் உழன்றது. தாம் மீட்பையே இழந்தவர் என்ற அச்சம் நான்கு ஆண்டுகள் அவரைப் பற்றி நின்றது. எவர் தேற்றியும் அது தீரவில்லை. இறுதியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தமக்குக் கிடைக்கப்போவது மோட்சமாயினும் நரகமாயினும் ஆகுக. உயிருள்ளவரை இறைவனுக்கு அன்பு செய்வதை மட்டும் விடுவதில்லை என்று துணிந்தார். கைம்மாறு கருதுவதை விட்ட பின்னரே அவருக்கு அமைதி வந்தது. தமக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்திருந்த கண், அதுகாறும் கிடைத்துக்கொண்டிருந்ததைக் காணத் தொடங்கியது எனலாம்.

பின்னர், சகோதரர்களுக்குச் செருப்புத் தைக்கும் பணிக்கு மாற்றப்பட்டார். அது அவருக்குப் பிடித்திருந்தது. எனினும், சொன்னால் அதனையும் விட்டுவிட ஆயத்தமாகவே இருந்தார். 1666ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 3ஆம் திகதி, யோசேப் டி போபோர் என்னும் குருவானவர் அவரை முதன்முதலாகச் சந்தித்தார். கற்றறிந்தவர் ஒருவர், சமையற்காரராயிருந்த ஒருவரிடம் ஞானங் கேட்க வந்தார்! அவ்வுரையாடல்களை அவர் குறித்து வைத்தார். 1691ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி லோறன்ஸ் காலமான பின், 1692ஆம் ஆண்டிலும் 1694ஆம் ஆண்டிலும் அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் அக்குருவே அச்சிட்டார். கத்தோலிக்கத் துறவி ஒருவரின் அச்சிறுநூலைப் புரட்டஸ்தாந்தரும் தம் நூலாகவே ஏற்றுப் போற்றினர். வாழ்நாளில் நூலொன்றும் வெளியிடாத அம்மனிதர், பல மொழிகளிலே இன்றும் வாசிக்கப்படுகின்றார்.

இனி என் கதைக்கு வருகின்றேன். நான் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் என் மனைவி பக்கவாதத்தால் வீழ்ந்தாள். முப்பத்தெட்டு ஆண்டுகள் அவள் ஆண்ட அடுப்பு என் கைக்கு வந்தது. முதல் வாரத்திற் சோறு அடிப்பிடித்தது, சொதி திரைந்தது, கறியில் உப்பு மிகுந்தது. வகுப்பறையிலே நான் புகழ்ந்து பேசிய அடுக்களை ஞானம் ஒன்றேனும் எனக்குக் கைகொடுக்கவில்லை. எரிச்சலே மிஞ்சியது.

ஒருநாள் புகையிலே கண் கரிக்க நின்றபோதுதான், லோறன்ஸ் இந்த வேலையை வெறுத்தவர் என்பது நினைவில் எழுந்தது. அதனைத் தொடர்ந்து மற்றொரு கேள்வியும் எழுந்தது. இவளுக்கு இந்த வேலை பிடித்திருந்ததா? முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒருநாளேனும் நான் அதனைக் கேட்டதில்லை. ஒவ்வொரு வேளையும் சிலுவை அடையாளம் வரைந்து, உணவு தந்த ஆண்டவருக்கு நன்றி கூறியே உண்டேன். அவர் தயவு எந்தக் கையின் வழியாக என் கோப்பைக்கு வந்ததோ, அந்தக் கையை ஏறிட்டும் பாராது உண்டேன். லோறன்சின் கதையிலே என்னை நான் எப்போதும் லோறன்சாகவே எண்ணி வந்தேன். உண்மையில் நான், அவர் சமைத்ததை உண்டு எழுந்து சென்ற கூட்டத்தில் ஒருவனாகவே இருந்திருக்கின்றேன்.

அன்று மாலை அவளிடம் கேட்டேன். பேச்சுத் திருந்தாத அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். அசையக்கூடிய பாதி உதட்டினாற் சிரித்தாள். பிடித்த நாளும் உண்டு, பிடியாத நாளும் உண்டு என்று நான் அதற்குப் பொருள் கொண்டேன். பிறகு அடுக்களைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். பானை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. நான் எழுந்தோடித் தீயைத் தணித்தேன்.

சமையலில் நான் இன்னும் தேறவில்லை. அந்த வேலையும் எனக்குப் பிடித்துவிடவில்லை. ஆயினும் அடுப்பை மூட்டுமுன் துணை வேண்டுகின்றேன். அடிப்பிடித்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த உலைக்கு நீர் வைக்கின்றேன். உண்ணுமுன் செபிக்கும்போது, ஆண்டவருக்குச் சொல்லும் நன்றியோடு அவள் பெயரையும் உரக்கச் சொல்லுகின்றேன்.