உ.வே.சா. மறக்காத மனிதர்கள்

உ.வே.சாமிநாதையர் என்றதும், எஸ்.பி.எம்.மில் தமிழ் இலக்கியம் எடுத்தவங்களுக்குத் தமிழ்த் தாத்தா, ஓலைச்சுவடி, சிலப்பதிகாரம்னு மடமடன்னு ஞாபகம் வரும். எனக்கு முதலில் ஞாபகம் வருவது, சென்னை திருவல்லிக்கேணியில் அவர் குடியிருந்த வீட்டின் பெயர்தான். தியாகராஜ விலாசம். அது அவர் அப்பா பெயரும் இல்லை, மகன் பெயரும் இல்லை. அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரின் பெயர்.

அன்றைய தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்த அவர், 1855-இல் பிறந்தவர். வசதியான குடும்பம் இல்லை. பையனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் தேடி, அப்பா ஊர் ஊராகக் குடும்பத்தையே அழைத்துக்கொண்டு அலைந்தார். கடைசியில் 1871-இல் மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்ந்தார்கள். வீட்டில் வைத்த பெயர் வேங்கடராமன். சாமிநாதன் என்ற பெயரால் கூப்பிட விரும்பியவர் பிள்ளையவர்கள்தான். யோசித்துப் பாருங்கள், நாம் இன்றைக்குச் சொல்கிற அந்தப் பெயரே ஆசிரியர் விரும்பி அழைத்த பெயர்!

பிள்ளையவர்கள் பெரும் புலவர், ஆனால் கையில் காசு நிற்காது. பாடம் சொல்லக் கட்டணம் வாங்கியதில்லை. கடன்பட்டாவது மாணவர்களுக்குச் சாப்பாடு போட்டார். சாதி பார்க்கவில்லை, சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவரும் கூடவே இருந்தார். 1876-இல் ஆசிரியரின் கடைசி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து திருவாசகம் படித்தவர் நம் உ.வே.சா. அப்போது அவருக்கு 21 வயதுகூட ஆகவில்லை.

பிள்ளையவர்களின் இன்னொரு மாணவர் தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். 1880-இல் ஓய்வு பெறும்போது, தன் இடத்துக்கு இந்த இளைஞர்தான் வரணும்னு பிடிவாதமாக நின்றார். திருவாவடுதுறைக்கே போய் ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரைச் சம்மதிக்க வைத்தார். திருவல்லிக்கேணி வீட்டுக்குப் பெயர் வைத்த காலத்தில் செட்டியார் உயிரோடு இல்லை. அவர் பார்த்துச் சந்தோஷப்படப் போவதில்லை, இவருக்கும் அதனால் ஒரு காசு லாபமில்லை.

நம் ஞாயிறு சமய வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு தம்பி கேட்டான்: உதவி செய்தவங்களுக்கு நன்றி சொல்வது சரி அண்ணா, நம்மைக் குறைத்துப் பேசினவங்களுக்கு எதுக்கு? நல்ல கேள்வி. அதே 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்தார் சேலம் இராமசாமி முதலியார். உ.வே.சா. தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணங்களை வரிசையாகச் சொல்ல, முதலியார் அசரவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. நமக்கு இப்படி நடந்திருந்தால் அந்த மனுசன் இருக்கிற பக்கமே போக மாட்டோம். உ.வே.சா. திரும்பத் திரும்பப் போனார். அது சமண நூல் என்பதால் அங்கிருந்த சமணர்களிடமும் தயங்காமல் கேட்டுக் கற்றார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. முதலியாரைச் சந்தித்த நாள் தன் வாழ்க்கையையே திருப்பிய நாள் என்று பிற்காலத்தில் தேதியோடு எழுதி வைத்தார்.

அவர் பதிப்பித்த நூல்களின் முன்னுரைகளைப் புரட்டிப் பாருங்கள். ஏடு கொடுத்தவர், கூட இருந்து ஒப்பிட்டுப் பார்த்தவர், பணம் கொடுத்தவர் என்று பெயர்கள் வரும். அவசரத்தில் நாம் தாண்டிப் போகிற பக்கங்கள் அவை. எனக்கென்னவோ, நூலுக்குள் போகும் முன் அவற்றைப் படிக்கத்தான் பிடிக்கும்.

ஆசிரியர் மறைந்து 50 வருடங்களுக்கு மேல் ஆன பிறகு, ஏறக்குறைய 80 வயதில், அவருடைய வரலாற்றை 1933, 1934 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். தன் சொந்தக் கதையை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது அதற்கும் பிறகு, 1940-இல்தான். 1942 ஏப்ரலில் அவர் கண்மூடியபோது, ஆசிரியரின் வரலாறு நூலாக இருந்தது. அவருடைய வரலாறு பாதியில் நின்றிருந்தது.