ஜெனரல் டிகாலும் செல்வ மகள் ஆனும்

விருந்தினர் வாசலில் வந்து நின்றால், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தையை அவசரமாக உள்ளறைக்கு அனுப்பும் வழக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களுக்கு மட்டும் உரியதல்ல. உலகெங்கும் இருந்ததுதான். அதைத் தம் வீட்டில் நுழையவிடாத தந்தை ஒருவர் உண்டு. அவர் பிரெஞ்சு நாட்டின் தலைவராக விளங்கிய ஜெனரல் டிகால்.

1890 நவம்பர் 22-ல் லீல் நகரில் பிறந்த சார்லஸ் டிகால், ராணுவ அதிகாரியானார். 1921-ல் இவோன் அம்மையாரை மணந்தார். அவர்களுக்கு மூன்று மக்கள். கடைக்குட்டி ஆன், 1928 ஜனவரி 1-ந் தேதி ஜெர்மனியிலுள்ள டிரியர் நகரில் பிறந்தாள். அவளுக்கு 'டவுன்' குறைபாடு இருந்தது. இத்தகைய குழந்தை பிறந்தால் பெற்றோர் மீது பழி சுமத்திய காலம் அது. உயிரணுவில் ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதே காரணம் என்று பாரிஸ் மருத்துவர்கள் கண்டறிந்தது 1959-ல்தான்.

இத்தகைய குழந்தைகளை விடுதியில் விட்டு மறந்துவிடுவது அன்றைய வசதியுள்ள குடும்பங்களில் சாதாரணம். டிகால் தம்பதியர் அதற்கு இசையவில்லை. மகளுக்கு அமைதியான இடம் வேண்டுமென்று 1934-ல் கொலம்பே என்ற சிற்றூரில் தோட்டத்துடன் ஒரு வீடு வாங்கினார்கள்.

டிகால் ஏறத்தாழ ஆறரை அடி உயரம், சிரிக்காத முகம். மற்ற இரு மக்களிடம்கூட அன்பை வெளிக்காட்டக் கூசியவர். ஆனால், ஆனை மடியில் இருத்திப் பாட்டுப் பாடுவார். அவளுக்காக ஆடிக் காட்டுவார். தம் ராணுவத் தொப்பியை அவளுக்கு விளையாடக் கொடுப்பார்.

1940-ல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது, லண்டனிலிருந்து விடுதலைப் போரைத் தொடர்ந்தார் டிகால். நம் புதுச்சேரியும் காரைக்காலும் அவ்வாண்டு செப்டம்பரில் அவர் பக்கம் சேர்ந்தன. இவோன் அம்மையாரும் ஆனைக் கைவிடாமல் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்.

தங்களுக்குப் பின் இவளுக்கு யார் துணை என்ற கவலை அவர்களையும் வாட்டியது. போருக்குப்பின், ஆதரவற்ற இத்தகைய பெண்களுக்காக ஆனின் பெயரில் ஓர் அறநிலையம் அமைத்தார்கள். தம் போர்க்கால நினைவுகளை எழுதிய நூலின் வருவாயை டிகால் அதற்கு அளித்தார். ஆனால், பெற்றோருக்கு முன்பே மகள் போய்விட்டாள். 1948 பிப்ரவரி 6-ல் நிமோனியா காய்ச்சலால், இருபதாம் வயதில் தந்தையின் கைகளில் அவள் உயிர் பிரிந்தது.

டிகால் 1959 முதல் 1969 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். 1970 நவம்பர் 9-ல் காலமானார். அரசு மரியாதை வேண்டாமென்று முன்பே எழுதிவைத்திருந்தார். அவர் விரும்பியபடியே கொலம்பேயில் மகளின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்கானூரில் 2004-ல் கேரளத்தின் முதல் 'பட்ஸ்' பள்ளி இத்தகைய குழந்தைகளுக்காகவே தொடங்கப்பட்டது. பள்ளி பாடம் சொல்லித் தரலாம். மடியில் இருத்திப் பாடவேண்டியது பெற்றவர்கள்தான்.