பத்தொன்பது நாள் வான் பயணம்

தொலைவை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைக்கும் என்பது நாம் பள்ளியில் படித்த கணக்கு. அந்தக் கணக்கில் அடங்காதவை எத்தனையோ உண்டு என்பதற்கு எமி ஜான்சன் என்னும் வீரமங்கையின் வாழ்க்கையே சான்று.

1903ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இங்கிலாந்தின் ஹல் நகரில் மீன் வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார் எமி. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்று பட்டம் பெற்றார். பின்னர் இலண்டனில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பணியாற்றிக்கொண்டே விமானம் ஓட்டக் கற்றார். ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, பழுது பார்க்கவும் தெரிய வேண்டும் என்று எண்ணிய அவர், 1929இல் விமானப் பொறியாளர் உரிமம் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண்மணி ஆனார்.

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை 1928இல் பெர்ட் ஹிங்க்ளர் தனியாகப் பதினைந்தரை நாளில் அடைந்திருந்தார். அச்சாதனையை முறியடிக்க விரும்பினார் எமி. அதுவரை அவர் பறந்த மிக நீண்ட தொலைவு இலண்டனிலிருந்து ஹல் வரைதான்! 1930 மே 5ஆம் நாள், 26 வயதில், 'ஜேசன்' என்ற பழைய ஜிப்சி மாத் விமானத்தில் இலண்டனை அடுத்த கிராய்டனிலிருந்து தன்னந்தனியே புறப்பட்டார்.

அவர் சென்ற வழி ஏறத்தாழ 17,700 கிலோமீட்டர். விமானத்தின் வேகமோ மணிக்குச் சுமார் 135 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் 131 மணி நேரம். அதாவது ஐந்தரை நாள். ஆனால் இரவில் தங்க வேண்டும். எரிபொருள் நிரப்ப வேண்டும். எந்திரத்தைத் தம் கையாலேயே சீர்செய்ய வேண்டும். அப்படியிருந்தும் ஆறே நாளில் கராச்சியை அடைந்து, ஹிங்க்ளரை இரண்டு நாள் முந்தினார்.

பர்மாவில் பருவமழை குறுக்கிட்டது. இரங்கூன் அருகே இன்செயினில் ஒரு விளையாட்டுத் திடலில் இறங்கியபோது விமானம் பள்ளத்தில் பாய்ந்து இறக்கை சேதமுற்றது. அங்கிருந்த தொழில்நுட்பக் கல்லூரியினர் துணைநிற்க, விமானம் சீராயிற்று. இருப்பினும் ஏறத்தாழ மூன்று நாள் கழிந்தது, சாதனையும் கைநழுவியது. மே 24இல் அவர் டார்வினில் இறங்கினார். சாதனை தவறினாலும், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதல் பெண் என்ற புகழ் அவரைச் சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் விமானங்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசேர்க்கும் பணியை ஏற்றார். 1941 ஜனவரி 5ஆம் நாள் பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்போர்டு அருகிலுள்ள கிட்லிங்டனுக்குப் புறப்பட்டவர், மோசமான வானிலையில் வழி தவறித் தேம்ஸ் முகத்துவாரத்தில் வீழ்ந்து மறைந்தார். உடலும் கிடைக்கவில்லை. பாதி உலகைக் கடந்தவரை, இங்கிலாந்துக்குள்ளேயே அமைந்த அந்தக் குறும்பயணம் பலிகொண்டது.

2018 முதல் இலண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு எங்கும் நிற்காமல் சுமார் 17 மணி நேரத்தில் விமானங்கள் பறக்கின்றன. அந்த 17 மணிக்குப் பின்னே எமி போன்றோரின் பத்தொன்பது நாட்கள் உள்ளன என்பதை நாம் மறத்தலாகாது.