கணக்கு இலாகாவில் தொலையாத பிள்ளை மனம்

கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்பது சிறு பிள்ளைகளின் வழக்கம். ஆபீசுக்குப் போய்ச் சம்பளம் வாங்கத் தொடங்கியதும் அந்தக் கேள்விகள் நமக்கு மறந்து போகின்றன. மறக்காத ஒருவர் நம் பெங்களூரில்தான் வாழ்ந்து மறைந்தார். அவர் சர் சி.வி. இராமன்.

1888 நவம்பர் 7-ந் தேதி திருச்சியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகத்தில் எம்.ஏ. தேறினார். விஞ்ஞானத்தை நம்பிப் பிழைக்க முடியாத காலம் அது. எனவே நிதி இலாகாப் பரீட்சை எழுதி, 1907-ல் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனார். அப்போது வயது 18. கை நிறையச் சம்பளம், கௌரவமான உத்தியோகம். பலருக்கு வாழ்க்கை அதோடு முடிந்துவிடும்.

ஒரு நாள் டிராமில் போகும்போது, பௌபஜார் தெருவில் ஒரு விஞ்ஞானக் கழகத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. போய்க் கதவைத் தட்டினார். உள்ளே சோதனைக் கருவிகள் ஆளில்லாமல் கிடந்தன. அன்று முதல் பகலில் கணக்கு, விடியற்காலையிலும் இரவிலும் ஆராய்ச்சி. நடுவில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்தது. 1911-ல் திரும்பியதும் மறுபடி அதே கதவைத் தட்டினார். வீணையும் மிருதங்கமும் எப்படி இனிமையாக ஒலிக்கின்றன என்பதைக்கூட ஆராய்ந்தார். 1917-ல் குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டு, கல்கத்தா சர்வகலாசாலைப் பேராசிரியரானார்.

1921-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் பயணம். மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் பிரதிபலிப்பே அந்த நிறம் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். இவர் அதை ஏற்கவில்லை. கப்பல் தட்டில் நின்று, பிரதிபலிப்பை மறைக்கும் சிறு படிகக் கருவி வழியாகக் கடலைப் பார்த்தார். நீலம் போகவில்லை. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று தெளிந்தார். அந்த வழியே போனதன் பலன்தான், 1928 பிப்ரவரி 28-ல் கண்ட இராமன் விளைவும், 1930-ல் கிடைத்த நோபல் பரிசும்.

1933-ல் பெங்களூர் வந்து, இந்திய விஞ்ஞானக் கழகத்தின் டைரக்டரானார். 1948-ல் ஓய்வு பெற்றதும், மேக்ரி சர்க்கிள் அருகே தமது ஆராய்ச்சி நிலையத்தில் அமர்ந்தார். வைரம், ரோஜாப்பூ, வண்ணத்துப்பூச்சி, சோப்புக் குமிழி எல்லாவற்றிலும் நிறத்தின் காரணத்தைத் தேடினார். எண்பதை நெருங்கியபோது, மனிதக் கண் நிறத்தைக் காணும் விதம் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். 1970 நவம்பர் 21-ல் மறைந்தார். நிலையத்தின் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. சமாதி எழுப்பவில்லை, ஒரு மரம் மட்டும் நட்டார்கள்.

சில நாட்களுக்கு முன் குளிக்கும்போது, சோப்பு நுரையில் வானவில் எப்படி வந்தது என்று என் மகன் கேட்டான். ஆபீசுக்கு நேரமாகிறது என்று அதட்டிவிட்டுக் கிளம்பினேன். இராமனும் ஆபீசுக்குப் போனவர்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு டம்ளர் சோப்புத் தண்ணீரோடு மகன் பக்கத்தில் உட்காரப் போகிறேன்.