இரு நாட்டுக்கும் உரியவர்

வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கில மாலுமி, 1600-ஆம் ஆண்டில் டச்சுக் கப்பலொன்றில் ஜப்பானை அடைந்தார். முதலில் சிறையுண்டார். பின்னர் அந்நாட்டு மொழியையும் ஒழுக்கத்தையும் கற்று, அதிபர் இயெயாசுவின் நம்பிக்கைக்கு உரியவரானார்; நிலமும் சாமுராய் நிலையும் பெற்றார்.

1613-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் அங்கு வந்தது. ஆடம்ஸின் துணையால் வாணிப உரிமை கிட்டியது. ஆயினும் கப்பல் தலைவர் சாரிஸ், அவர் ஜப்பானியரைப் போல் வாழ்வதை வெறுத்தார். ஆட்சி நகரான எதோவுக்கு அருகே பண்டகசாலை அமைக்கலாமென்ற அவர் யோசனையையும் தள்ளி, தொலைவிலுள்ள ஹிராடோவில் அமைத்தார். நஷ்டமுற்ற அப்பண்டகசாலை 1623-இல் மூடப்பட்டது.

1620-இல் மறைந்த ஆடம்ஸ், தம் உடைமையில் பாதியை இங்கிலாந்துக் குடும்பத்துக்கும் பாதியை ஜப்பானில் பிறந்த மக்களுக்கும் எழுதிவைத்தார். பிழைக்க வந்த ஊரின் மொழியைப் பயில்வதால் பிறந்த வீட்டை மறந்தவராக மாட்டோம் என்பதை அவர் வாழ்வில் நாம் காண்கிறோம்.