தேவாலயத்திலும் தனி இடம்தானா? பொய்கையில் அப்பச்சன் கேட்ட கேள்வி

டெக்னோபார்க் வேலைக்காகத் திருவனந்தபுரம் போனவரா நீங்கள்? அப்படியானால் பாளையத்தில் பழைய விஜேடி ஹாலைக் கடந்து போயிருப்பீர்கள். 2019-இல் அதற்கு அய்யன்காளியின் பெயர் சூட்டப்பட்டது. மன்னராட்சிக் காலத்தில் ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடிய இடம் அது. அந்தச் சபைக்கு 1921-லும் 1931-லும் உறுப்பினராக நியமிக்கப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

யார் இவர்?

இயற்பெயர் குமரன். 1879-இல் திருவல்லா அருகே இரவிபேரூரில், ஒரு பறையர் குடும்பத்தில் பிறந்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதாவது இவர் பிறப்பதற்கு வெறும் 24 ஆண்டுகளுக்கு முன்பு. சட்டம் மாறினாலும் வயலில் நிலைமை அப்படியேதான் இருந்தது. அவரது குடும்பம் ஒரு சிரியன் கிறிஸ்தவ நிலவுடைமை வீட்டைச் சார்ந்து வாழ்ந்தது.

கிறிஸ்தவரான பிறகு குமரன், யோஹன்னான் ஆனார். மார்த்தோமா சபையில் சேர்ந்து, பைபிளைக் கற்று, பெயர் பெற்ற பிரசங்கியார் ஆனார்.

ஏன் வெளியேறினார்?

ஞானஸ்நானம் எல்லோருக்கும் கிடைத்தது. பக்கத்தில் உட்கார இடம்தான் கிடைக்கவில்லை. தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனிப் பள்ளிகள் இருந்தன (மலையாளத்தில் 'பள்ளி' என்றால் தேவாலயம்). சபைக் கல்லறையில் ஒரு தலித்தை அடக்கம் செய்ததற்குக் கிளம்பிய எதிர்ப்பு அவரை உலுக்கியதாக அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். செத்த பிறகும் சாதி விடவில்லை!

அடுத்து பிரதரன் சபைக்குப் போனார். அங்கேயும் அதே கதைதான்.

ரோமருக்கும் கொரிந்தியருக்கும் எழுதிய நிருபங்கள் பைபிளில் இருக்கின்றன. திருவிதாங்கூர் புலையருக்கு எழுதியது எங்கே என்று கூட்டங்களில் கேட்டார். கோட்டயம் அருகே வாகத்தானத்தில் பைபிளை எரித்தார். அதை வெறும் மத எதிர்ப்பாகப் பார்த்தால் பாதிதான் புரியும். ஏற்றுக்கொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நிறுத்தியவர்கள் மீதான கோபம் அது.

பிறகு என்ன செய்தார்?

1909-இல் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையைத் தொடங்கினார். அடிமைகளாக விற்கப்பட்டு, தாய் ஒரு பக்கமும் பிள்ளை ஒரு பக்கமுமாகப் பிரிந்த முன்னோரின் துயரத்தைப் பாட்டாகப் பாடினார். எந்தச் சபையும் பேசாத அந்த நினைவுதான் புதிய சபையின் அஸ்திவாரம். மக்கள் அவரை அப்பச்சன், அதாவது அப்பா, என்று அழைத்தார்கள். பள்ளிக்கூடங்கள் திறந்தார், நிலம் வாங்கினார். திருவனந்தபுரத்தில் பிரஜா சபையில் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலமும் கல்வியும் கேட்டார். 1939-இல் இறந்தார்.

இன்று நமக்கென்ன?

இது கேரளாவோடு முடிகிற கதை என்று நினைக்காதீர்கள். திருச்சி மேலப்புதூரில் கிறிஸ்தவக் கல்லறையைப் பிரித்து நின்ற சாதிச் சுவருக்கு எதிராக நம் ஊரிலேயே போராட்டங்கள் நடந்தன.

சட்டத்திலும் சிக்கல் உண்டு. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியர்கள், 1990-இல் பௌத்தர்கள் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. இதை ஆராய 2022-இல் மத்திய அரசு கே.ஜி.பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. மதம் மாறினால் சாதி போய்விடும் என்கிறது அந்த ஆணை. போகவில்லை என்பதற்கு அப்பச்சனின் வாழ்க்கையே சாட்சி.

ஒரு சபை எல்லோரையும் ஏற்கிறதா என்று தெரிய வேண்டுமா? உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள், யார் எங்கே புதைக்கப்படுகிறார்கள் என்று பாருங்கள்.