பிறந்த நாட்டை எதிர்த்து நின்ற பெல்ஜியம் அரசி எலிசபெத்

பெல்ஜியம் மன்னர் முதலாம் ஆல்பர்ட்டின் துணைவியாரான அரசி எலிசபெத், 1876 ஜூலை 25 அன்று ஜெர்மனியின் பவாரியாவில் பிறந்தார். தந்தை கார்ல் தியோடர் அரச குடும்பத்தில் பிறந்தும் கண் மருத்துவராகப் பணியாற்றியவர். 1900-ல் ஆல்பர்ட்டை மணந்த எலிசபெத், 1909-ல் அரசியானார்.

1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படைகள் பெல்ஜியத்துக்குள் நுழைந்தபோது, அவர் புகுந்த நாட்டின் பக்கமே நின்றார். எதிரியிடம் வீழாமல் எஞ்சிய கடலோரப் பகுதியில், டி பன்னே என்னும் ஊரில் மன்னருடன் தங்கி, காயமுற்ற வீரர்களுக்கான மருத்துவமனைப் பணிகளுக்குத் துணைநின்றார்.

1934-ல் மலையேற்ற விபத்தில் மன்னர் உயிரிழந்தார். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் நாடுகடத்தவிருந்த யூதர்கள் பலரைக் காக்க எலிசபெத் தலையிட்டார். வயலின் இசைப்பதில் தேர்ந்த அவரது பெயரில் பிரஸ்ஸல்ஸில் சர்வதேச இசைப் போட்டி நடைபெற்று வருகிறது. 1965 நவம்பர் 23 அன்று தமது 89-வது வயதில் காலமானார்.